கும்பிடுபூச்சிக்கு எந்த ஈய வளக்க? தென்காசி மருமவனுக்கு பாளையங்கோட்டை மாமா சொன்னது

போன செவ்வாக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும், தென்காசில இருந்து அக்கா மவன் போன் போடுதான். மாமா, கூடு பொரிச்சிட்டு, நூறுக்கு மேல கெடக்கு, ஒண்ண ஒண்ணு புடிச்சித் திங்குது, என்ன செய்யன்னு ஒரே பதட்டம். கொய்யாக் கொப்புல ஒட்டியிருந்த முட்டைக்கூட்ட கொப்போட ஒடிச்சி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு ஜன்னல் ஓரமா வச்சிருக்கான், வச்சத மறந்தும் போயிட்டான், இப்ப பாத்தா பாட்டில் உள்பக்கம் பூரா கொசு கணக்கா குட்டி குட்டியா கும்பிடுபூச்சி. ஏல, பதினஞ்ச மட்டும் தனித்தனி டப்பால போடு, மிச்சத்த கொல்லைல செடிக்கு ரெண்டா விட்டுரு, மத்தத காலைல பேசுவோம்னு சொல்லிட்டு படுத்துட்டேன்.

காலைல அவனே கூப்புட்டான். விடிய விடிய வீடியோ பாத்துருக்கான் போல. பழத்து ஈயா, வீட்டு ஈயா, பச்சை ஈயா, அந்த கறுப்பு ஈயா (பிளாக் சோல்ஜர் ஃப்ளை, சுருக்கமா பிஎஸ்எஃப்னு சொல்லுதாவள்ளா, அது), இல்ல பேசாம தொழுவுல போயி புடிச்சிட்டு வந்துரவான்னு வரிசையா கேக்கான். நான் நாலு வருசமா இந்தப் பூச்சிய வச்சிக்கிட்டு இந்த அஞ்சையும் செஞ்சி பாத்து, அதுல மூணுல வீட்ல ஏச்சும் வாங்குனவன். போன்ல சொன்னது அவனுக்கு பாதிதான் விளங்கிருக்கும், அதான் எழுதி வைக்கேன். நம்ம பக்கம் வேற யாரும் வளக்கியன்னா உங்களுக்கும் ஆவும்.

ஈயே எதுக்கு, சிள்வண்டு கரப்பான்லாம் குடுத்தா ஆவாதான்னு கேட்டா, ஆவும். ஆனா கும்பிடுபூச்சி சட்டை உரிக்கும்போது தலைகீழா தொங்கிக்கிட்டு அரை மணி நேரம் ஒண்ணும் செய்ய முடியாம நிக்கும் பாத்தியளா, அந்நேரம் டப்பால ஒரு சிள்வண்டு கெடந்தா போயி கடிச்சி வச்சிரும். ஈ கடிக்காது. பூச்சி தொங்குதது டப்பா கூரைல, ஈயும் மேல மேல போயி கூரைலதான் உக்காரும், அதனால சாப்பாடு தானா கைக்கு வந்துரும். எங்கிட்ட இருக்க வயலின் பூச்சி இருக்கே, கும்பிடுபூச்சில ஒரு வகை, கழுத்து நீண்டு காஞ்ச சருகு மாதிரி, தென்னிந்தியாவுலயும் இலங்கைலயும் இருக்கது, நம்ம உடைமரக் காட்டுப் பக்கம் வெயில்ல நிக்குமே அது, அதுக்கு தரைல ஊருதது கண்ணுலயே படாது. பறக்குததத்தான் பாக்கும். தலைய லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டி தூரத்த கணக்குப் போட்டு, ஈ பறந்து வரும்போதே அந்தரத்துல வச்சி ஒரு போடு. அத ஒரு தடவ பாத்தவன் அதுக்கப்புறம் சிள்வண்டு பக்கமே போவமாட்டான்.

முதல்ல வெளிய புடிக்கதப் பத்தி சொல்லிருதேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கோம். காசு கெடையாது, தொழுவுல போயி நின்னா அஞ்சு நிமிசத்துல இருவது ஈ. நானும் முதல் வருசம் பூரா அப்படித்தான் ஓட்டுனேன். ஒரு தை மாசம், பிசான நெல்லு நிக்க நேரம், வயக்காட்டு ஓரமா வலை வீசி புடிச்சிட்டு வந்து போட்டேன், மறுநாள் காலைல மூணு பூச்சி கால இழுத்துக்கிட்டு டப்பா தரைல கெடக்கு, சாயங்காலத்துக்குள்ள மூணும் போச்சு. அந்த வயல்ல மருந்தடிச்சது எனக்கு அப்புறந்தான் தெரியும். ஈ சாவாம அரைகுறையா மருந்து பட்டு திரிஞ்சிருக்கும், அத பூச்சி தின்னா பூச்சிக்கு சேர்ந்துரும். ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் தெருவுல கொசுப்புகை போடுவாவ, அப்பவும் இதே கததான். போக குப்பைமேட்டு ஈ என்னத்த மிதிச்சிட்டு வந்துருக்கும்னு நமக்கு தெரியாது. அவசரத்துக்கு நம்ம வீட்டுக் கொல்லைல, பக்கத்துல யாரும் மருந்தடிக்காத எடத்துல புடிச்சிக்கிடலாம். அதையே நம்பி பூச்சி வளக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது பழத்து ஈ. ஒண்ண தெளிவா சொல்லிருதேன், தோட்டக்காரங்ககிட்ட போயி பழ ஈன்னு சொன்னா மாங்காய்க்குள்ள புழு வைக்குதே அதத்தான் நினைப்பாவ, தோப்புல பொறி கட்டித் தொங்கவிட்டு புடிக்காவளே அது. அது வேற, பெருசு. நான் சொல்லுதது டிரோசோஃபிலா, கனிஞ்ச வாழப்பழத்துல கொசு மாதிரி மொய்க்குமே, ரெண்டு மூணு மில்லிமீட்டர், செவத்த கண்ணு. காலேஜுல ஜுவாலஜி படிச்சவங்களுக்கு தெரியும், மைசூர் பல்கலைக்கழகத்துல இந்த ஈ வகைகள வளத்து வைக்கதுக்குன்னே தனியா ஸ்டாக் சென்டர் வச்சிருக்காவ.

இப்ப பொரிச்ச குட்டிக்கு இத விட்டா வேற வழியே இல்ல. வீட்டு ஈ அந்தக் குட்டி தலைய விட பெருசு, பாத்ததும் பயந்து ஓடிரும். அதனால "பழத்து ஈ வேணுமா வேண்டாமா"ங்கது கேள்வியே கெடையாது, முதல் ரெண்டு மூணு சட்டை உரிக்க வரைக்கும் வேணும். எவ்வளவு நாள், எந்த ஊர்லங்கதுதான் கேள்வி.

வளக்கது லேசுதான். நல்லா கறுத்துப்போன வாழப்பழம் ரெண்டு பிசைஞ்சி, ஒரு கை ரவைய வேக வச்சி, கொஞ்சம் கருப்பட்டி தட்டிப் போட்டு, ஒரு ஸ்பூன் வினிகர் (பூஞ்சை புடிக்காம இருக்க), ஆறுனதும் மேல ஒரு சிட்டிகை ஈஸ்ட்டு தூவி, பாட்டில் அடில ரெண்டு விரக்கடை உயரத்துக்கு போட்டுரணும். ஈ ஏறி உக்கார உள்ள வாழச்சருகு ரெண்டு துண்டு சொருகிரலாம், வெளிநாட்டுக்காரன் காபி வடிகட்டுத பேப்பர் போடுதான், நமக்கு சருகுதான் சுளுவு. வாய்க்கு பழைய வேட்டித்துணி கட்டி ரப்பர் பேண்டு. கொசுவலை கட்டாதிய, அந்த ஓட்டை வழியா இந்த ஈ நுழைஞ்சி வந்துரும், நான் கட்டி எங்க அம்மாட்ட வாங்குனது இன்னும் காதுல நிக்கி. சாம்பார் ஊத்துனா தட்டுல ரெண்டு, தண்ணி மொண்டா டம்ளர்ல ஒண்ணு, ஒரு மாசம்.

அப்போ இதுல என்ன கொறைன்னா, வெயிலு. 25 டிகிரி பக்கம் இருந்தா முட்டை போட்டு பத்து நாள்ல புது ஈ வந்துரும். 30 பக்கம் ஏறுனா ஆண் ஈ மலடாயிரும், ஈ இருக்கும், சோடி சேரும், முட்டை பொரிக்காது. பாளையங்கோட்டைல மாசி பாதில இருந்து புரட்டாசி வரைக்கும் எங்க மாடி ரூமுக்குள்ள ராத்திரி கூட 30க்கு கீழ இறங்காது, சித்திரைல கேக்கவே வேண்டாம். முதல் வருசம் எனக்கு இது தெரியாம, பழத்த மாத்திப் பாத்து, ஈஸ்ட்ட மாத்திப் பாத்து, பாட்டில கழுவிக் கழுவி வச்சி, மூணு மாசம் மண்டைய ஒடைச்சிருக்கேன். அப்புறம் ஒரு பெரிய மண்பானைக்குள்ள சின்ன பானைய வச்சி, நடுவுல ஆத்து மணல் போட்டு காலைலயும் சாயங்காலமும் நனைச்சிவிட்டு, சின்ன பானைக்குள்ள பாட்டில வச்சேன், வாய்க்கு ஈரச்சாக்கு. அதுல நாலஞ்சு டிகிரி கொறையும், காத்து காஞ்சு அடிக்க மாசத்துல இன்னும் நல்லா கொறையும். அதுல தப்புச்சுது.

இன்னொரு வில்லங்கம், இந்த பறக்காத ஈ. ரெக்கை குட்டையா இருக்க ஒரு வகைய ஆன்லைன்ல விக்காவ, ஆசைப்பட்டு சித்திரை மாசத்துல ஆர்டர் போட்டேன், கூரியர்ல நாலு நாள் கெடந்து வந்துச்சு, திறந்தா உள்ள பாயாசம். ரெண்டாவது தடவ மார்கழில வாங்குனது உசுரோட வந்துச்சு. ஆனா அந்த குட்டை ரெக்கை சமாச்சாரமே சூடு பட்டா ஆட்டம் காணும், 30 டிகிரி பக்கம் வளந்த குஞ்சுக்கு ரெக்கை நீளமா வர ஆரம்பிச்சிரும். போக நம்ம அடுக்களை ஈ ஒண்ணு உள்ள பூந்து சோடி சேந்துட்டா போதும், அந்தக் கலப்புல பொறக்கது பூராவும் முழு ரெக்கையோட பறக்கும். எனக்கு ரெண்டும் நடந்துச்சு. இப்ப நான் நாட்டு ஈயவே புடிச்சி வளக்கேன், வாழப்பழத் தொலிய பாட்டில்ல போட்டு ஒரு நாள் திறந்து வச்சா தானா வந்து விழும், நம்ம ஊர் வெயில்ல பொறந்து வளந்தது, கொஞ்சம் தாங்குது. பறக்கத்தான் செய்யும். பாட்டில ரெண்டு நிமிசம் ஃப்ரிட்ஜுல வச்சிட்டு தட்டுனா மயங்கி விழும், அந்நேரம் டப்பால கொட்டிரணும்.

மருமவனுக்கு இதுல ஒரு யோகம். அவன் இருக்கது தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல, மேலகரம் பக்கம். ஆனி ஆடில அங்க சாரல், ஜன்னல தொறந்து போட்டா போத்திக்கிட்டு படுக்கணும். அவனுக்கு பானையும் வேண்டாம் மணலும் வேண்டாம், ஜன்னல் ஓரத்துல பாட்டில் வச்சாலே சரியா ஓடும். ஜில்லா பிரிஞ்ச மாதிரி கிளைமேட்டும் எப்பவோ பிரிஞ்சிதான் கெடக்கு, அம்பது கிலோமீட்டர்ல இவ்வளவு வித்தியாசம். ஒரே தொல்லை, ஈரக்காத்துல பூஞ்சை சீக்கிரம் புடிக்கும், வினிகர அரை ஸ்பூன் கூட போட்டுக்கிடணும்.

கணக்கு போட்டுப் பாத்தா பதினஞ்சு குட்டி, ஆளுக்கு நாலு ஈன்னா ஒரு நாளைக்கு அறுவது. நல்லா ஓடுத பாட்டில் ஒண்ணுல நூத்துக்கணக்குல வரும், ஆனா ஒரே வாரத்துல வந்து தீந்துரும். அதனால வாரம் ஒரு பாட்டில் புதுசா போடணும், ஒரு மாசமான பாட்டில தயவு பாக்காம தூரப் போட்டுரணும், இல்லன்னா அதுல பொடி உண்ணி வந்து மத்த பாட்டிலுக்கும் பரவிரும்.

இனி பச்சை ஈ. இங்கிலீஷ் வீடியோ பாத்தா எல்லாரும் இதத்தான் சொல்லுதான், நீல ஈ புழு வாங்கு, கூட்டுப்புழுவாக்கு, டப்பால போடு, சோலி முடிஞ்சிது. அவனுக்கு லேசு, ஏன்னா அங்க தூண்டில்காரங்க கடைல அந்தப் புழு அளந்து விக்குது. நம்ம தாமிரபரணில தூண்டில் போடுத ஆளுக்கு மண்புழுவும் மாவு உருண்டையும் போதும், ஈப்புழு விக்க கடை எங்க இருக்கு? அப்போ நாமளே வளக்கணும். அதுக்கு மீன் தலையோ கறியோ வேணும். நம்ம சூட்டுக்கு வருதது அந்த நீல ஈ கூட கெடையாது, கருவாட்டுல மொய்க்குமே பெரிய செவத்த கண்ணும் பச்சை ஒடம்பும், அது.

ஈயா பாத்தா அத அடிச்சிக்கிட ஆளே கெடையாது. நல்ல கனம், சத்தம் போட்டு பறக்கும், வயலின் பூச்சி அதுக்குன்னே பொறந்த மாதிரி பாயும். அந்த ஆசைலதான் ரெண்டாவது வருசம் நாலு சாளைத் தலைய பெயிண்ட் டப்பால போட்டு தட்டட்டில (மொட்டமாடில) வச்சேன். ரெண்டாம் நாள் புழு, நாலாம் நாள் டப்பா கொதிக்க மாதிரி நெளியுது, நாத்தம் சொல்லி முடியாது, பக்கத்து வீட்டு மைனி சாக்கடை அடைச்சிட்டுன்னு ஆள் கூப்புட்டு வச்சிருக்காவ. அதுகூட பரவால்ல. இந்தப் புழு வளந்து முடிஞ்சதும் தீனிய விட்டுட்டு கூடு கட்ட எடம் தேடி நடக்கும், அது எனக்கு தெரியாது. ராத்திரி லேசா தூத்தல் போட்டுருக்கு, டப்பா உள்சுவர் ஈரமாயிட்டு, ஈரச்சுவர்ல அதுக்கு ஏறுதது நமக்கு படியேறுத மாதிரி. காலைல கதவ தொறக்கேன், மாடிப்படில மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளையா ஒரு ஊர்கோலம், முன்னுக்கு போனது வீட்டு ஓனர் வாசக் கோலத்த தாண்டி திண்ணைக்கிட்ட போயிட்டு. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, படில உக்காந்து விளக்குமாத்தால நான் கூட்டி அள்ளுததையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதோட அந்த சோலிக்கு ஒரு முழுக்கு. தனி வீடு, பெரிய தோப்பு, மூக்கு அடைச்ச ஆளு, இந்த மூணும் இருந்தா செய்ங்க. அக்கா வீட்ல சைவம், பேச்சே எடுக்க முடியாது.

கறுப்பு ஈ, பிஎஸ்எஃப். இத இப்ப கோழி வளக்க ஆளுக, மீன் பண்ணைக்காரங்க நெறைய பேரு செய்யுதாவ, நீங்க மக்குக்குழி வச்சிருந்தா உங்களுக்கே தெரியாம அங்க கெடக்கும், பழுப்பு கலர்ல தடிச்ச புழு, தட்டையா, வரிவரியா. நாத்தம் கம்மி. ஈயா மாறுனதும் வீட்டுக்குள்ள வராது, சாப்பாட்டுல மொய்க்காது, சாப்பாடு வைக்கவும் தேவையில்ல, தண்ணி தெளிச்சிவிட்டா போதும். வெயில்னா அதுக்கு கொண்டாட்டம், நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. காய்கறித் தொலி, பழைய சோறு எல்லாத்தையும் தின்னு தீத்துரும், அதுல அம்மாவுக்கே கொஞ்சம் சந்தோசம்.

அப்புறம் ஏன் நான் இதையே சொல்லலன்னா, ரெண்டு விசயம். ஒண்ணு சைசு, ஈ ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் வரும், குளவி கணக்கா இருக்கும், முக்கால்வாசி வளந்த பூச்சிக்குத்தான் ஆவும். இன்னொண்ணு நாளு. முட்டைல இருந்து ஈயாவ ஒண்ணரை மாசம் ஆவும், அதுவும் வெளிச்சத்துல பறந்து திரிய எடம் இருந்தாத்தான் சோடி சேரும், டப்பாக்குள்ள நடக்காது. பெரிய வலைக்கூண்டு கட்டி வெயில் படுத எடத்துல வைக்கணும், முட்டை போட அட்டைப்பெட்டி துண்ட மடிச்சி தீனிக்கு மேல வைக்கணும், அந்த அட்டை இடுக்குலதான் அது முட்டை போடும். நான் கூண்டுலாம் கட்டல. மக்குத்தொட்டில தானா வருதத வச்சிக்கிடுதேன், புழு கறுத்ததும் தானா மேல ஏறி வரும், சரிவா ஒரு பலகைய சாச்சி வச்சா அதுல ஏறி டப்பால வந்து விழும், பத்து இருவது எடுத்து மண்ணுல போட்டு வச்சா ரெண்டு வாரத்துல ஈ. ஐப்பசில பூச்சிக எல்லாம் பெருசா இருக்கும்போது இது நல்ல ஒத்தாசை. ஒத்தாசை மட்டுந்தான்.

கடைசியா வீட்டு ஈ, இப்ப எங்க வீட்ல நிரந்தரமா ஓடுதது. இத சொன்னா எல்லாரும் மூஞ்ச சுளிக்காவ. மருமவனோட ஆச்சி போன வாங்கி, ஊரே ஈயக் கொல்ல மருந்தடிக்கி, நீரு பேரனுக்கு ஈ வளக்கச் சொல்லிக் குடுக்கீராக்கும்னு கேட்டாவ. நியாயமான கேள்விதான். ஆனா ஈ அசிங்கம்னு சொல்லுதோம்லா, அது பொறந்த எடம் அசிங்கம், சுத்தமான தவுட்டுல வளந்து டப்பாலயே ஈயான ஒண்ணு எங்கயும் மிதிச்சிட்டு வரல.

கோதுமைத் தவுடு, மாட்டுத்தீவனக் கடைல கெடைக்கும். அத ஒரு டப்பால நாலு விரக்கடை போட்டு, பால்பவுடர் கலந்த தண்ணிய ஊத்தி பிசைஞ்சி, புடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது, அந்தப் பதம். புட்டுக்கு மாவு நனைப்போம்லா அதுக்கு கொஞ்சம் மேல. ஆரம்பத்துல மட்டும் இத கொல்லைல நிழல்ல ஒரு பகல் தொறந்து வச்சேன், ஈ வந்து முட்டை போட்டுட்டு போச்சு, சாயங்காலம் மூடிட்டேன். ஒரு நாள்ல பொரிச்சிரும், நம்ம சூட்டுக்கு அஞ்சே நாள்ல புழு முழுசா வளந்துரும், அஞ்சாம் நாள் மேல காஞ்ச தவுடோ மரத்தூளோ ஒரு விரக்கடை போட்டா எல்லாம் அதுல ஏறி வந்து கூட்டுப்புழுவாயிரும். அப்படியே ஒரு வாளி தண்ணில கொட்டுனா தவுடு தாழும், கூட்டுப்புழு மிதக்கும், வடிகட்டில அள்ளி பேப்பர்ல காயப் போட வேண்டியதுதான். அடுத்த நாலஞ்சு நாள்ல ஈ. மொத்தம் பத்து பன்னெண்டு நாள், நல்ல வெயில்ல இன்னும் வெரசாவே வந்துரும். பழத்து ஈய கொல்லுத அதே வெயில் இதுக்கு வரம்.

அந்தக் கூட்டுப்புழுதான் இதுல பெரிய சவுரியம், அதான் மத்த எல்லாத்தையும் விட இத நான் மேல வைக்கேன். செவப்பா, அரிசி சைசுல, ஆடாது அசையாது. பெப்சி மூடில பத்து எண்ணிப் போட்டு பூச்சி டப்பாக்குள்ள வச்சிட்டு நீங்க சோலிக்கு போயிரலாம், ஈய புடிக்க வேண்டாம், தொரத்த வேண்டாம், தானா உள்ளயே வெளிய வரும். ஒரு லீவு நாள்ல நான் உக்காந்து பாத்தேன். கூட்டோட ஒரு முனை வட்டமா மூடி மாதிரி வெடிக்கும், உள்ள இருந்து ஈ தலை வரும், அந்தத் தலைக்கு முன்னால வெள்ளையா ஒரு பலூன் ஊதி ஊதி சுருங்கும், அத வச்சித்தான் அது மூடிய தள்ளுது. வெளிய வந்து விழும்போது சாம்பல் கலர்ல சொங்கியா இருக்கும், ரெக்கை நனைஞ்ச பேப்பர் உருண்டை மாதிரி முதுகுல ஒட்டிக்கெடக்கும், விறுவிறுன்னு சுவத்துல ஏறி ஒரு எடத்துல நிக்கும். கொஞ்ச நேரத்துல ரெக்கை பிரியும், ஒடம்பு கறுக்கும், தலைல அந்த பலூன் இருந்த எடம் தெரியாம உள்ள போயிரும். மேல தொங்குத பூச்சி இது அத்தனையும் பாத்துக்கிட்டே இருக்கும், ஈ முதல் தடவ ரெக்கைய உதறுன உடனே கைய நீட்டிட்டு.

ஃப்ரிட்ஜுல வச்சா கூட்டுப்புழு ஒரு வாரம் அப்படியே நிக்கும், வேணும்ங்கப்ப எடுத்துக்கிடலாம். அதுக்கு மேல வச்சா பாதி பொரிக்காது. டப்பா மேல பெருசா எழுதி ஒட்டிருங்க. எங்க வீட்ல எழுதாம வச்சி, அம்மா செவப்பரிசின்னு நெனச்சி அளந்து கழுவ எடுத்துட்டாவ, மிதக்கவும் சொத்தை அரிசின்னு கடைக்காரன ஏசிக்கிட்டு இருந்தாவ, நான் ஓடிப்போயி வாங்கிட்டேன். விசயத்த இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

முட்டைக்குன்னு ஒரு வலைக்கூண்டுல அம்பது ஈ தனியா நிறுத்தணும். அதுக்கு சீனியும் பால்பவுடரும் சரிபாதியா ஒரு மூடில, தண்ணிக்கு நனைச்ச ஸ்பாஞ்சு, கிண்ணத்துல தண்ணி வச்சா விழுந்து செத்துரும். பால்பவுடர் இல்லாம வெறும் சீனி குடுத்தா ஈ நல்லா இருக்கும், முட்டை மட்டும் போடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நனைச்ச தவுடு ஒரு கிண்ணம் உள்ள வச்சி எடுத்தா போதும். பூச்சிக்கு போடுத ஈக்கும் ஒரு நாள் கருப்பட்டித் தண்ணியோ தேனோ தொட்டு வச்சிட்டு குடுத்தா நல்லது, பொரிச்ச ஈ வெறும் வயிறு.

கொறை இல்லாம இல்ல. நாலாம் நாள் தவுடு சூடேறி மூத்திர வாடை மாதிரி ஒண்ணு வரும், மீன் தலை நாத்தத்துக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா ரூமுக்குள்ள வைக்க முடியாது. தண்ணி கூடிட்டா புளிச்சி புழு மேல ஏறி வந்துரும். ஒரு கூண்டு தொறந்துட்டா எறநூறு ஈ வீட்டுக்குள்ள, சாப்பாட்டு நேரம் பாத்து. பழத்து ஈ தப்பிச்சா எரிச்சல், இது தப்பிச்சா மானக்கேடு.

எதுக்குமே பொதுவா ரெண்டு எதிரி. ஒண்ணு எறும்பு, டப்பாவ தண்ணி ஊத்துன தாம்பாளத்துக்கு நடுவுல ஒரு செங்கல் வச்சி அதுமேலதான் வைக்கணும், ஒரு ராத்திரி தண்ணி காஞ்சா காலைல கூட்டுப்புழு ஒண்ணு இருக்காது. இன்னொண்ணு கொசுவத்தி, பிளக்குல சொருகுத கொசு மருந்து. அது ஈயையும் கொல்லும் பூச்சியையும் கொல்லும், பூச்சி இருக்க ரூம்ல கொசுவலை கட்டிப் படுங்க.

மருமவனுக்கு நான் சொன்னது இதான். இப்ப சாரல் இருக்க வரைக்கும் பழத்து ஈ, வாரம் ஒரு பாட்டில், அடுத்த ஒரு மாசத்துக்கு அது போதும். அதுக்குள்ள தவுட்டு டப்பா ஒண்ண ஆரம்பிச்சி கை பழகிக்க, குட்டி மூணாவது சட்டை உரிச்சதும் வீட்டு ஈக்கு மாறிரு, ஆவணில சாரல் நின்னு வெயில் திரும்புத நேரம் அதுதான் கைகுடுக்கும். கொல்லைல மக்குக்குழி இருக்கு, ஐப்பசிக்கு கறுப்பு ஈ அங்க தானா வந்தா எடுத்துக்க, கூண்டு கட்டுதேன்னு அத்தான் காச கரியாக்காத. பச்சை ஈ பக்கம் போவாத. நான் தெக்க ராதாபுரம் பக்கம் காஞ்ச ஊர்ல இருக்க ஒருத்தருக்கு சொல்லியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன், அங்க பழத்து ஈய மார்கழி தைல மட்டும் ஓட்டிட்டு, முட்டைக்கூட்டையே அந்த நேரத்துக்கு பொரிக்க மாதிரி பாத்து எடுங்கன்னு.

ஆச்சி ரெண்டு நாள் யோசிச்சி சரின்னுட்டாவ. பாட்டிலு மாடில, தவுட்டு டப்பா கெணத்தடிக்கு அந்தப் பக்கம், கண்ணுல படக்கூடாது, அதுதான் கண்டிசன். அங்க மேல கூரை கெடையாது, சாரல்ல தவுடு ஊறிரும். ஞாயித்துக்கெழமை போறேன், பழைய தகரம் ஒண்ணு கெடக்கு, அத வெட்டி எடுத்துக்கிட்டு.